மருத்துவ ஆய்வாளர் ஒருவரின் எழுத்து எவ்வளவு தூரம் சென்றது? அளந்து பார்க்கும் முறை

கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சம்புநாத் டே, 1959ஆம் ஆண்டு நேச்சர் இதழில் ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டார். காலராக் கிருமிகள் வளர்ந்த திரவத்திலிருந்து கிருமிகளை முழுவதுமாக வடிகட்டி நீக்கிய பின்னரும், அந்தத் திரவம் முயலின் குடலில் நீர் தேங்கச் செய்கிறது என்பதை அதில் அவர் காட்டியிருந்தார். காலரா நோயாளியின் உயிரைப் பறிக்கும் அந்தப் பெரும் நீரிழப்புக்குக் காரணம் கிருமி வெளியிடும் நஞ்சுதான் என்பதற்கு அது தெளிவான சான்றாக அமைந்தது. ஆனால் அந்தக் கட்டுரை நெடுநாள் உரிய கவனத்தைப் பெறவில்லை. இந்திய அறிவியல் கழகங்கள் எதுவும் அவரைத் தம் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. 1985இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், எந்தக் கட்டுரையை எந்தக் கட்டுரை எடுத்தாண்டது என்று காட்டும் மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய யூஜீன் கார்ஃபீல்டு, காலரா ஆய்வுகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டியுள்ள விதத்தை வரைபடமாக்கி, அதில் டேயின் இடம் எது என்பதை ஒரு கட்டுரையில் விளக்கினார்.

மருத்துவக் கல்லூரி நூலகத்தில் பணிபுரியும் நான், பதவி உயர்வுக்கும் விருதுக்கும் ஆய்வு நிதிக்கும் விண்ணப்பிக்கும் மருத்துவர்களுக்காக மேற்கோள் அறிக்கை தயாரிக்கும் ஒவ்வொரு முறையும் இந்த நிகழ்வை நினைத்துக்கொள்கிறேன். கூட்டிப் பார்த்த எண் ஒன்றை மட்டும் கார்ஃபீல்டு தந்திருந்தால் டே யார் என்பது அதிலிருந்து விளங்கியிருக்காது. எந்தக் கட்டுரையை யார், எப்போது, எதற்காக எடுத்தாண்டார்கள் என்று அவர் தொடர்ந்து சென்றதால்தான் விளங்கியது. கீழே நான் விவரிக்கும் முறையும் அந்த வழியில் செல்வதே. ஓர் ஆய்வாளரின் பட்டியல் ஐம்பது கட்டுரைகளுக்குள் இருந்தால், இரண்டு முழு நாட்களில் இந்த வேலையைச் செவ்வையாக முடிக்கலாம்.

தொடங்கும் முன் ஒரு வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பரவல் வேறு, தாக்கம் வேறு. ஒரு கட்டுரை எத்தனை பேர் கண்ணில் பட்டது, எத்தனை நாடுகளில் படிக்கப்பட்டது, எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்பவை பரவலைச் சேர்ந்தவை. அதைப் படித்த பிறகு பிற ஆய்வாளர்கள் தம் வழியை மாற்றிக்கொண்டார்களா, மருத்துவர்கள் எழுதும் மருந்துச்சீட்டு மாறியதா, அரசின் திட்டம் ஒன்று மாறியதா என்பவை தாக்கத்தைச் சேர்ந்தவை. பரவலைக் கணினி எண்ணித் தந்துவிடும். தாக்கத்தை ஒருவர் உட்கார்ந்து படித்துத்தான் அறிய முடியும். அறிக்கை கேட்பவர் இவற்றுள் எதைக் கேட்கிறார் என்பதை முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதலில் பெயர்

தமிழ்ப் பெயர் கொண்ட ஆய்வாளரின் அறிக்கையில் பாதி உழைப்பு இங்கேதான் செலவாகும். நம் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னால் நிற்கிறது. ஆய்விதழ்களின் விண்ணப்பப் படிவமோ குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கிறது. முருகேசன் மகன் செந்தில்குமார் என்றொருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு கட்டுரையில் அவர் ‘செந்தில்குமார் எம்’ என்று பதிவாகியிருப்பார். பெயரைச் செந்தில் குமார் என்று பிரித்து எழுதிய இன்னொரு கட்டுரையில் ‘குமார் எம்எஸ்’ ஆகியிருப்பார். கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதிய மூன்றாவது கட்டுரையில் ‘முருகேசன் எஸ்’ ஆகி, தந்தையின் பெயரால் அட்டவணையில் ஏறியிருப்பார். திருமணத்துக்குப் பின் முதலெழுத்தை மாற்றிக்கொண்ட பெண் மருத்துவர்களின் கட்டுரைகள், தொடர்பே இல்லாத இருவருடையவை போல இரண்டாகப் பிரிந்து கிடக்கும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் உதவிப் பேராசிரியரின் கோப்பு என்னிடம் வந்தது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் உள்ள அவருடைய பக்கத்தில் ஹெச் குறியீட்டெண் 31 என்றிருந்தது; குறைந்தது 31 மேற்கோள்களாவது பெற்ற கட்டுரைகள் 31 இருக்கின்றன என்பது அதன் பொருள். அந்த வயதுக்கு அது மிகப் பெரிய எண் என்பதால் பட்டியலை வரிசையாகப் படித்தேன். சிறுநீரக நோய்க் கட்டுரைகளுக்கு நடுவே கான்கிரீட்டின் உறுதி பற்றியும் நெற்பயிரின் இலைக்கருகல் பற்றியும் கட்டுரைகள் இருந்தன. அதே பெயர் கொண்ட பிறருடைய கட்டுரைகளை அந்தப் பக்கம் தானாகவே சேர்த்துக்கொண்டிருந்தது; அவர் அதைக் கவனிக்கவேயில்லை. பிறருடையவற்றை நீக்கியபோது எண் 9 ஆகக் குறைந்தது. அவருக்கு வருத்தம்தான். ஆனால் அந்த ஒன்பது அவருடைய உழைப்பில் வந்தது. புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்க்காமல், ஒப்புதல் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றும் அமைப்பு அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆய்வாளர்கள் அனைவரும் இன்றே அதை மாற்றிவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஆகவே, ஆய்வாளரிடமே உட்கார்ந்து அவர் இதுவரை பயன்படுத்திய எல்லாப் பெயர் வடிவங்களையும், பணிபுரிந்த எல்லா நிறுவனங்களையும் ஆண்டு வாரியாக எழுதி வாங்குங்கள். 2012 முதல் வழங்கப்பட்டுவரும் ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் எனும் 16 இலக்க எண் அவருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெறச் சொல்லுங்கள், கட்டணம் கிடையாது. மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட்டில் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: 2002க்கு முந்தைய கட்டுரைகளை ஆசிரியரின் முழுப் பெயரைக் கொண்டு தேட முடியாது, முதலெழுத்துகளைக் கொண்டே தேட வேண்டும். மூத்த பேராசிரியர்களின் பழைய கட்டுரைகள் விட்டுப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

பட்டியலைச் சுத்தம் செய்தல்

கிடைத்த கட்டுரைகளை ஒரு விரிதாளில் இடுங்கள். வரிசைக்கு ஒரு கட்டுரை. தலைப்பு, இதழ், ஆண்டு, டிஓஐ எண் (கட்டுரைக்கு இணையத்தில் உள்ள நிலையான அடையாளம்), பப்மெட் எண், கட்டுரையின் வகை, ஆசிரியர் வரிசையில் இவரது இடம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்தி. முழு ஆய்வு, முறைசார் மறுஆய்வு (ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளைத் திரட்டி ஆராய்வது), தனி நோயாளி பற்றிய குறிப்பு, ஆசிரியருக்குக் கடிதம் ஆகியவற்றை ஒரே தட்டில் வைத்து எண்ணக் கூடாது. மருத்துவத்தில் பொதுவாக முதல் பெயர் உழைத்தவருடையது, கடைசிப் பெயர் வழிநடத்தியவருடையது. நடுவில் நிற்கும் நாற்பது பெயர்களுக்குள் இவர் என்ன செய்தார் என்பது பல இதழ்களில் பங்களிப்புக் குறிப்பாகக் கட்டுரையின் இறுதியில் அச்சாகியிருக்கும். அதைப் படித்து ஒரு சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கட்டுரையும் இன்னும் செல்லுபடியாகிறதா, அல்லது திரும்பப் பெறப்பட்டதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். பப்மெட் இதைப் பக்கத்தின் மேற்பகுதியிலேயே காட்டும். 2010இல் தொடங்கப்பட்ட ரிட்ராக்‌ஷன் வாட்ச் அமைப்பின் தரவுத்தளமும் எல்லோரும் பார்க்கும்படி திறந்திருக்கிறது.

மேற்கோள்களை எண்ணுதல்

ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ், கூகுள் ஸ்காலர் ஆகிய மூன்று தரவுத்தளங்களும் ஒரே கட்டுரைக்கு மூன்று எண்களைத் தரும். அவற்றுள் ஏதோ ஒன்று பொய் என்பதல்ல. மூன்றும் வெவ்வேறு குவியல்களை எண்ணுகின்றன. முதல் இரண்டும் தாம் தேர்ந்தெடுத்த இதழ்களுக்குள் வந்த மேற்கோள்களை எண்ணுகின்றன. கூகுள் ஸ்காலர் பட்ட ஆய்வேடுகள், முன்னச்சுகள் (இதழில் வெளியாகும் முன்பே இணையத்தில் இடப்படும் கட்டுரைகள்), நூல்கள், இணையத்தில் கிடைக்கும் பிற ஆவணங்கள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்வதால் அதன் எண் பெரும்பாலும் பெரியதாக இருக்கும். பப்மெட் பக்கத்தின் கீழே தெரியும் மேற்கோள் பட்டியலோ முழுமையானதல்ல. அதை மட்டும் நம்பிக் கணக்கிடாதீர்கள். ஒரே அறிக்கையில் ஒரு கட்டுரைக்கு இங்கிருந்தும் இன்னொன்றுக்கு அங்கிருந்தும் எண்ணை எடுப்பது பெரும் பிழை. ஒரு தரவுத்தளத்தை அடிப்படையாகக் கொண்டு, வேண்டுமானால் மற்றொன்றின் எண்ணைத் தனிப் பத்தியில் காட்டுங்கள். எண்ணிய நாளையும் எழுதுங்கள், அடுத்த மாதமே அந்த எண் மாறியிருக்கும்.

பழைய ஆய்வாளர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 1970க்கு முந்தைய கட்டுரைகளின் மேற்கோள் பட்டியல்கள் ஸ்கோபஸில் பெரும்பாலும் இல்லை. சம்புநாத் டேயின் 1959ஆம் ஆண்டுக் கட்டுரையை 1960களில் எடுத்தாண்டவர்களை அதில் தேடினால் வெறுமைதான் எஞ்சும். அந்தக் காலத்துக்கு வெப் ஆஃப் சயின்ஸே கைகொடுக்கும்.

ஹெச் குறியீட்டெண்ணை 2005இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் எனும் இயற்பியலாளர். கணினி தரும் எண்ணை அப்படியே எடுத்தெழுதாமல், ஒருமுறையேனும் கையால் கணக்கிட்டுப் பாருங்கள். அது எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பது அப்போதுதான் புரியும். ஒருவரின் ஒன்பது கட்டுரைகளுக்கு முறையே 48, 22, 15, 9, 6, 6, 3, 1, 0 மேற்கோள்கள் என்று வைத்துக்கொள்வோம். இறங்குவரிசையில் எழுதி அருகே 1, 2, 3 என வரிசை எண் இடுங்கள். ஆறாவது கட்டுரைக்கு ஆறு மேற்கோள்கள் உள்ளன, ஏழாவதற்கு மூன்றுதான். ஆகவே ஹெச் 6. பத்து மேற்கோள்களுக்குக் குறையாமல் பெற்ற கட்டுரைகளைக் கணக்கிடும் ஐ10 எண்ணோ இவருக்கு 3. இப்போது ஆறாவது கட்டுரையின் மேற்கோள்களில் இரண்டு அவரே தம் பிற கட்டுரைகளில் காட்டியவை என்று தெரிந்து, அவற்றைக் கழித்தால் அது 4 ஆகிறது, ஹெச் 5 ஆகிறது. முதல் கட்டுரைக்கு 48க்குப் பதிலாக 4,800 மேற்கோள்கள் வந்திருந்தாலும் ஹெச் 6 ஆகவே நின்றிருக்கும். ஒரு நோயின் சிகிச்சையையே மாற்றிய ஒரு கட்டுரையைத் தம் ஆறில் ஒன்றாகக் கொண்டவரும் சாதாரணமான ஆறு கட்டுரைகளை எழுதியவரும் இந்த அளவுகோலில் அருகருகே நிற்க நேரலாம். வயது ஏற ஏற எண் ஏறும், ஒருபோதும் இறங்காது என்பதையும் மறக்கக் கூடாது. இளையவரையும் மூத்தவரையும் இதை வைத்து ஒப்பிடுவது அநியாயம்.

துறைக்கும் காலத்துக்கும் ஏற்பச் சமன்செய்தல்

புற்றுநோய் மரபியலில் எழுதுபவருக்கு இரண்டு ஆண்டுகளில் கிடைக்கும் மேற்கோள், தொழுநோய் மறுவாழ்வைப் பற்றி எழுதுபவருக்கு இருபது ஆண்டுகளிலும் கிடைக்காமல் போகலாம். அத்துறையில் எழுதுபவர்களே குறைவு. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனங்கள் ஒப்பீட்டு மேற்கோள் விகிதம் என்ற கணக்கை உருவாக்கி 2016இல் வெளியிட்டன. ஒரு கட்டுரையோடு சேர்த்து மேற்கோள் காட்டப்படும் பிற கட்டுரைகளையே அதன் துறையாகக் கொண்டு, அந்தத் துறையில் எதிர்பார்க்கத்தக்க அளவோடு ஒப்பிட்டு இதைக் கணக்கிடுகிறார்கள். அந்நிறுவனங்களின் நிதியில் நடந்த ஆய்வுகளின் நடுவளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் அளவு, 1.0. ஒரு கட்டுரைக்கு 2.0 என்றால் அந்த நடுவளவைப்போல் இருமடங்கு வேகத்தில் அது மேற்கோள் பெறுகிறது என்று பொருள். ஐசைட் என்ற அவர்களுடைய தளத்தில் பப்மெட் எண்களை ஒட்டினால் இது இலவசமாகவே கிடைக்கும். ஆனால் 1980க்கு முந்தைய கட்டுரைகள் அதில் இல்லை. சென்ற ஆண்டு வெளியானவற்றுக்கு அது தரும் எண்ணை முடிவானதாகக் கொள்ளவும் கூடாது. அதே தளத்தில் இன்னொரு பத்தியும் உண்டு: அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிய மருத்துவ ஆய்வுகள், அதாவது நோயாளிகளிடம் நடத்தப்பட்ட சோதனைகளும் சிகிச்சை வழிகாட்டிகளும் எத்தனை என்பது. விகிதத்தைவிட அந்தப் பத்தியைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இதழின் தாக்கக் காரணியை ஒரு மனிதரின் அளவுகோலாக வைக்காதீர்கள். ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களின் சராசரிதான் அது. சில கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் பெற, மற்றவை சில பத்துகளோடு நின்றுவிடும். தி லான்செட் இதழின் தாக்கக் காரணி 2020இல் ஏறத்தாழ 79; கொரோனாக் கட்டுரைகளின் வரவால் 2021இல் அது 202ஐத் தாண்டியது. அந்த இதழில் இதய நோயைப் பற்றி எழுதிய ஒருவரின் ஆய்வு ஓராண்டில் இரண்டரை மடங்கு சிறப்படைந்துவிடவில்லை. இந்த வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் அறிக்கையே வெளியிட்டார்கள். உங்கள் தேர்வுக் குழு இன்னும் அதைக் கேட்கிறதென்றால், எண்ணைக் கொடுத்துவிட்டு, அருகிலேயே அந்தக் கட்டுரை தனியாகப் பெற்ற மேற்கோளையும் எழுதுங்கள்.

மேற்கோள் காட்டிய வாக்கியத்தைப் படித்தல்

இதுவரை சொன்னவை எல்லாம் எண்கள். இனிமேல்தான் உண்மையான வேலை. ஆய்வாளரின் மிக முக்கியமான மூன்று அல்லது நான்கு கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் மேற்கோள் காட்டியவற்றில் இருபதையாவது திறந்து, அந்த மேற்கோள் எண் நிற்கும் வாக்கியத்தைப் படியுங்கள். முன்னுரையில் ஐந்தாறு பேரோடு சேர்த்துப் போகிற போக்கில் சொன்னதா, முறையியலில் இவருடைய முறையைத்தான் பின்பற்றினோம் என்று சொன்னதா, முடிவுகளை ஒப்பிட்டதா, மறுத்ததா என்று நான்கு வகையாகப் பிரித்துக் குறியுங்கள். முறையியல் பகுதியில் நிற்கும் ஒரு மேற்கோள் முன்னுரையில் நிற்கும் பத்துக்குச் சமம் என்பது என் கருத்து. ஏனெனில் அங்கே ஒருவர் இவருடைய ஆய்வின்மேல் தம் ஆய்வைக் கட்டியிருக்கிறார்.

மறுப்பையும் ஏன் பிரிக்க வேண்டும் என்று கேட்டால், ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரையைச் சொல்வேன். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றுக்குமான கூட்டுத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி, பன்னிரண்டே குழந்தைகளை வைத்து 1998இல் லான்செட்டில் வெளியான அது, 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதன் மேற்கோள்கள் ஆயிரத்தைத் தாண்டும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அதை மறுப்பதற்காகவே எழுதப்பட்டவை. எண்ணை மட்டும் பார்த்தால் அது ஒரு பெரும் சாதனை போலத் தெரியும்.

நோயாளியின் படுக்கை வரை பின்தொடர்தல்

மருத்துவ ஆய்வின் தாக்கம் கடைசியில் நோயாளியிடம் தெரிய வேண்டும். இதற்கு மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் பட்டியலைப் பப்மெட்டில் இட்டு, சிகிச்சை வழிகாட்டி, முறைசார் மறுஆய்வு என்ற வகைகளைக் கொண்டு வடிகட்டுங்கள். அடுத்து, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டிகள், காக்ரேன் அமைப்பின் முறைசார் மறுஆய்வுகள், நம் நாட்டுத் தேசிய நலத்திட்டங்களின் கையேடுகள் ஆகியவற்றின் பின்னிணைப்பில் ஆய்வாளரின் பெயரைத் தேடுங்கள். கையேடுகள் பலவும் மேற்கோள் தரவுத்தளங்களுக்குள் வராதவை. கோப்பைத் திறந்து ஒவ்வொன்றாகத்தான் தேட வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் ஒரு பரிந்துரைக்கு அடியில் அவர் பெயரைக் காணும்போது, அதற்கு முன் எண்ணிய அனைத்தையும்விட அந்த ஒரு வரி அதிகம் சொல்லும்.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு நம் சென்னையிலேயே இருக்கிறது. 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குவது, 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றொரு பிரிவினருக்குச் சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தது. நெருக்கடியான வீடுகளில் வசித்த ஏழை நோயாளிகளும் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு ஏறத்தாழ இணையாகக் குணமடைந்தார்கள். அவர்களோடு வீட்டில் வசித்த குடும்பத்தினருக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வெளியான அந்த அறிக்கைக்குப் பிறகு, காசநோயாளியை வீட்டிலிருந்து பிரித்து மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைக்கும் வழக்கம் உலகெங்கும் தளர்ந்தது. ஆனால் அது மையத்தின் பெயரால் வெளியானது. அதற்காக உழைத்த மருத்துவர்கள், செவிலியர்கள், வீடு வீடாகச் சென்ற பணியாளர்கள் எவருடைய ஹெச் குறியீட்டெண்ணிலும் அது ஒரு புள்ளிகூடக் கூட்டியிருக்காது. உங்கள் ஆய்வாளர் இத்தகைய கூட்டு ஆய்வில் பங்கேற்றவரா என்று தவறாமல் கேளுங்கள். பங்கேற்றவரென்றால், கட்டுரையின் பின்னால் உள்ள குழு உறுப்பினர் பட்டியலின் அந்தப் பக்கத்தைப் படியெடுத்து அறிக்கையோடு இணையுங்கள்.

செய்தித்தாள், சமூக ஊடகம், விக்கிப்பீடியா ஆகியவற்றில் கட்டுரை பேசப்பட்டதைக் கணக்கிடும் ஆல்ட்மெட்ரிக் போன்ற எண்களைப் பரவலின் கீழ் ஒரு வரியில் தந்தால் போதும். பயனுள்ள செய்தியும் பரபரப்பான செய்தியும் அதில் ஒரேபோல் ஏறும். எண்ணைச் சொடுக்கி உள்ளே சென்று, அரசின் கொள்கை ஆவணம் ஏதேனும் அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

அறிக்கையை எழுதுதல்

அறிக்கை இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பத்தியில் எந்தத் தரவுத்தளம், எந்த நாள், எந்தெந்தப் பெயர் வடிவங்கள், சுயமேற்கோள் கழிக்கப்பட்டதா என்பவற்றை எழுதுங்கள். அடுத்து எண்களுக்கு ஒரு சிறு அட்டவணை. மீதி இடம் முழுவதையும் அந்த மூன்று நான்கு கட்டுரைகளுக்குக் கொடுங்கள். “இக்கட்டுரை 64 முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளது” என்று நிறுத்தாமல், “படித்துப் பார்த்த 20 மேற்கோள்களில் 7, இவர் வகுத்த பரிசோதனை முறையைத் தம் ஆய்வில் பயன்படுத்தியவை, 2, முடிவை மறுப்பவை, ஒன்று, ஒரு மாநிலத்தின் சிகிச்சைக் கையேடு” என்பதுபோல் எழுதுங்கள். மறுத்தவற்றை மறைக்காதீர்கள். குழுவில் துறையறிந்த ஒருவர் இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்.

விரிதாளையும், தேடலில் இட்ட சொற்களையும், திறந்து படித்த கட்டுரைகளின் டிஓஐ எண்களையும் ஒரே கோப்புறையில் சேமித்து, ஆய்வாளரிடம் ஒரு படியும் நூலகத்தில் ஒரு படியும் வையுங்கள். அடுத்த ஆண்டு அதே மருத்துவர் வேறொரு விண்ணப்பத்தோடு வருவார். அப்போது புதிதாக வந்த மேற்கோள்களை மட்டும் படித்து, பழைய கணக்கோடு சேர்த்தால் போதும்.